நடுக்குவாதமும் நமது கடமையும்

(உக்குவளையில் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடையில் சமயம், மொழி, கல்வி என்பன பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் ஒரு நோயைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். வைத்தியர் பேச வேண்டிய விடயத்தைப் பல்கலைக்கழக மாணவர் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். மருந்தின் அளவைப் பற்றியதாயின் அக்கேள்வி நியாயமே. ஆனால் அந்நோயாளர் காலையில் எழுவதும், முகங் கழுவுவதும், சட்டை அணிவதும், சோறு உண்பதும், கோயிலுக்கு வருவதும் வைத்தியசாலையில் நடப்பன அல்ல; நம் வீடுகளில் நடப்பன. ஆகையால் அவை நாம் பேச வேண்டியவையே.

நாம் குறிப்பிடுவது பார்க்கின்சன் நோய். ஆயுர்வேத நூல்கள் கம்பவாதம் என்று கூறுவதும், நம் நாட்டு வைத்தியர்கள் நடுக்குவாதம் என்று சொல்வதும் பெரும்பாலும் இதனையே குறிக்கும். 1817 ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்த அறுவரிற் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களும் அல்லர்; தெருவிலே நடந்து செல்கையில் அவர் கண்டவர்கள். யாவரும் கடந்து போன தெருவில் அவர் ஒருவர் நின்று பார்த்தார். பின்னர் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஷார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே வழங்கினார். 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் 60 வயதின் பின் தோன்றுவது. இளையோர்க்கும் சில வேளை வரும்.

இந்நோயின் குணங்கள் நான்கு. ஓய்வாக மடியில் வைத்திருக்கும் கை நடுங்கும். உடல் விறைக்கும். இயக்கம் மெதுவாகும். நாளடைவில் நிலை தளர்ந்து விழ நேரிடும். நடுக்கம் ஒன்றே நோய் என்று எண்ணலாகாது. நடுக்கமே இல்லாத நோயாளரும் உண்டு. அவ்வாறே, கோப்பையைத் தூக்கும்போது மாத்திரம் நடுங்கும் கை வேறொரு காரணத்தால் நடுங்குவதாகவும் இருக்கலாம். எது எதுவெனப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக் உண்டு. அங்கே காட்டாமல் “வயதானால் இப்படித்தான்” என்று வீட்டில் வைத்திருப்பது பெரும் தவறு.

இது எப்படி நேர்கிறது? நம் ஊரைக் கொண்டே சொல்லலாம். பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே வந்து, 1976 ஆம் ஆண்டு முதல் நமது உக்குவளை மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிச் சுது கங்கையிற் கலக்கிறது. சக்கரம் பழுதில்லை, மின்கம்பியும் பழுதில்லை, ஆயினும் பொல்கொல்லையிலிருந்து வரும் நீர் குறைந்தால் சக்கரம் தளரும் அல்லவா? மூளையின் அடிப்பாகத்திலே கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள கலங்கள் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கி, இயக்கத்தை நடத்தும் வேறொரு பகுதிக்கு அனுப்புகின்றன. அக்கலங்கள் அழிய அழிய டோபமின் குறைகிறது. தசை பலமாயிருக்கும், எலும்பு உறுதியாயிருக்கும், எழ வேண்டும் என்ற விருப்பமும் இருக்கும். ஆயினும் உடல் எழாது. இதைச் சோம்பல் என்றும், பிடிவாதம் என்றும், கிரகதோஷம் என்றும், யாரோ செய்த செய்வினை என்றும் சொல்வது நோயாளரை இரண்டாந் தரம் தண்டிப்பதாகும்.

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான கருத்துக்கு வருவோம்.

நடப்பதற்கும், திரும்புவதற்கும், பொத்தானைப் போடுவதற்கும் நாம் யோசிப்பதில்லை. பழக்கத்தால் அவை தாமாகவே நடைபெறுகின்றன. இந்த நோய் அந்தப் பழக்கத்தையே பறிக்கிறது. ஆனால் பழக்கத்தின் பாதை அடைபட்டபோதிலும் கவனத்தின் பாதை திறந்திருக்கிறது. கண்ணுக்கு ஒரு கோடோ, காதுக்கு ஒரு தாளமோ, மனத்துக்கு ஓர் எண்ணிக்கையோ கிடைத்தால் உறைந்து நின்ற கால் அசைகிறது. பர்டன் மார்ட்டின் என்ற வைத்தியர், ஓர் அடி எடுத்து வைக்க இயலாது நின்ற நோயாளர் தரையிற் குறுக்கே கோடுகள் இட்டதும் அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பதைக் கண்டு, 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். 2010 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு வைத்தியர்கள் இன்னுமொரு செய்தியை வெளியிட்டனர். சில அடி நடப்பதற்குள் உறைந்து விழும் 58 வயதான ஒருவர், சைக்கிளில் ஏற்றிவிட்டதும் தங்கு தடையின்றி ஓட்டிச் சென்றார். இறங்கியதும் முன்போல் உறைந்து நின்றார். உடல் இயக்கத்தை இழந்துவிடவில்லை. அதனை அழைக்கும் வழியையே இழந்திருக்கிறது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா?

ஆயின், கவனத்தால் செய்வது பழக்கத்தால் செய்வதைவிட மெதுவானது. 5 நிமிட வேலைக்கு 20 நிமிடம் ஆகும். இந்நோயாளர்க்கு மருந்துக்கு அடுத்தபடியாக வேண்டுவது நேரம். இதை மனத்திற்கொண்டு அவரது ஒரு நாளைப் பார்ப்போம்.

விடியற்காலை. பாயில் புரளவும் எழவும் இயலாது விறைத்திருப்பார். தரையிலிருந்து எழுவது மிகவும் கடினம். ஆகையால் முதலில் ஒரு கட்டிலோ உயர்ந்த பலகையோ தேவை. கையைப் பிடித்து இழுத்துத் தூக்கலாகாது; தோள் மூட்டு நோகும், இருவரும் விழவும் கூடும். முழங்காலை மடக்கி, புரளும் பக்கம் முகத்தைத் திருப்பி, எதிர்க் கையை அப்பக்கம் கொண்டுவந்து உருளச் சொல்ல வேண்டும். பின் காலைக் கீழே தொங்கவிட்டு முழங்கையால் ஊன்றி எழலாம். எழுந்தவுடன் நிற்காமல் கட்டில் விளிம்பிற் சற்று இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றுவது இந்நோயில் உண்டு. கதிரையிலிருந்து எழுவதற்கும் ஒரு முறை உண்டு: முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னிழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேரே வருமளவு முன்சாய்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எழுவது.

அடுத்தது குளியல். நமது தோட்டங்களில் பீலிக்கரையே குளியலறை. பாசி படர்ந்த அந்தக் கல்லில் நிலை தளர்ந்த ஒருவரை நிறுத்துவது ஆபத்து. ஒரு பிளாஸ்டிக் கதிரையை மேடு பள்ளமில்லாத இடத்தில் உறுதியாக வைத்து, இருந்தபடியே குளிக்கச் செய்யலாம். சவர்க்காரம் கையிலிருந்து நழுவும்; சிறு துணிப்பையிலிட்டுக் கதிரையிற் கட்டிவிட்டால் குனிந்து தேட வேண்டியதில்லை. குந்தியிருக்கும் மலசலகூடம் இவர்களுக்குப் பெருஞ் சோதனை. சுவரில் உறுதியாகப் பொருத்திய ஓர் இரும்புக் குழாயும், நடுவில் துளையிட்ட கதிரையும் அந்தச் சோதனையை நீக்கும். மலச்சிக்கல் இந்நோயின் ஒரு பகுதியே. தண்ணீர், கீரை, பப்பாசிப்பழம் முதலியன அன்றாடம் வேண்டும்.

உடை அணிவதை இருந்தபடியே செய்ய வேண்டும். அதிகம் விறைத்த கையை முதலிற் சட்டைக்குள் நுழைத்தல். கழற்றும்போது அதனைக் கடைசியிற் கழற்றுதல். சிறு பொத்தான்களை அகற்றி ஒட்டும் நாடா தைக்கலாம். சாரத்தை இறுக்கிச் செருக இயலாதவர்க்கு இடுப்பில் இலாஸ்டிக் தைத்துக் கொடுக்கலாம். இவற்றையெல்லாம் ஒரு தையல்காரர் அரை நாளிற் செய்து முடிப்பார். ஆனால் நாலு பேர் முன் சாரம் நழுவிய ஒரு பெரியவர், அதன்பின் வீட்டை விட்டு வெளியே வராமலே இருந்துவிடக் கூடும்.

உணவு வேளை. தட்டின் கீழே ஒரு நனைந்த துணி விரித்தால் தட்டு நகராது. விளிம்பு உயர்ந்த தட்டு, பாதி மாத்திரம் நிரப்பிய கோப்பை, மேசையில் ஊன்றிய முழங்கை ஆகிய மூன்றும் போதும். பலர் தாமே உண்பர். விழுங்குதலும் மெதுவாகும் நோய் இது. நிமிர்ந்திருந்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கவளமாக, ஒன்றை விழுங்கிய பின்னரே மற்றொன்றை எடுக்க வேண்டும். உண்ணும்போது அவரைப் பேச்சுக்கு இழுக்கலாகாது. தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமல் வந்தால் அதனை வைத்தியரிடம் அவசியம் சொல்ல வேண்டும். உணவு சுவாசப்பையுட் செல்வது உயிருக்கே ஆபத்து.

நடை. வாசற்படியிலும், ஒடுக்கமான இடத்திலும், திரும்பும் இடத்திலுமே கால் உறைகிறது. தரையில் ஒட்டிவிட்டதைப்போல நிற்பார். அப்போது “வாங்க, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தால் மேலுடல் முன்னே வரும், கால் பின்னே நிற்கும், ஆள் விழுவார். நிற்கட்டும், மூச்சு விடட்டும், நிமிரட்டும். பின்னர் எண்ணிக்கை சொல்லி, நீண்ட ஓர் அடி வைக்கச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அதுபோல இஸ்தோப்பிலும் வாசலிலும் ஓர் அடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பினாலோ நிறநாடாவினாலோ கோடிட்டு வைத்தால் அதுவே அவர்க்கு வழித்துணை. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்ப வேண்டும். நடக்கையிற் கையில் தேநீரும் வாயில் பேச்சும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை. தேய்ந்த இறப்பர்ச் செருப்பு வேண்டவே வேண்டாம்.

குரலும் எழுத்தும் முகமும்கூட மாறும். குரல் தாழும், எழுத்துச் சிறுத்துக்கொண்டே போகும், முகத் தசை விறைப்பதால் சிரிப்புத் தோன்றாது. “தாத்தாவுக்கு எப்பொழுதும் கோபம்” என்று பேரப்பிள்ளை விலகுகிறது. அது கோபமன்று, நோய் என்று அப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. குரலுக்கு உரத்துப் பேசிப் பழகுவதே பயிற்சி. நமக்கோ அதற்கென ஒரு முறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாள்தோறும் வாய்விட்டுத் தேவாரம் ஓதுதல் நெஞ்சுக்கும் நாவுக்கும் பயிற்சியாகும். பஜனையின் தாளம் காலுக்கும் பயிற்சியாகும்.

மருந்தைப் பற்றி வீட்டார் அறிய வேண்டிய அளவுக்கு மாத்திரம் சொல்வோம். காட்டோரங்களிற் படரும் பூனைக்காலியை அறிவீர்கள். காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். 1937 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அதன் விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1960 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஆய்வாளர், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் கண்டனர். மூளைக்குட் சென்று டோபமினாக மாறுவது இதே லெவோடோபா என்பதால், 1961 இல் அதனை நோயாளர்க்குச் செலுத்திப் பார்த்தனர். 1967 இல் அமெரிக்காவில் கொற்சியாஸ் என்ற வைத்தியர் அதனை வாய்வழி மருந்தாக வெற்றியுடன் கொடுத்தார். இன்றுவரை இதுவே தலையாய மருந்து. அது நோயை அடியோடு மாற்றுவதில்லை. குறைந்த நீரைச் சில மணி நேரத்துக்கு நிரப்புகிறது. ஆகையால் நேரம் தவறலாகாது. பருப்பு, மீன், பால் முதலிய புரத உணவுடன் சேர்ந்தால் அது மூளைக்குட் செல்வது தடைப்படும். ஆதலின் உணவுக்கு அரை மணி நேரம் முன்னர் எடுப்பது பொதுவான முறை. குளிப்பதையும் உண்பதையும் மருந்து வேலை செய்யும் வேளையில் வைத்துக்கொள்ளலாம். வைத்தியரைக் கேளாமல் மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. பூனைக்காலி விதையைத் தாமே இடித்து உண்பதும் ஆபத்து. அதில் மருந்து எவ்வளவு என்பதை எவரும் கண்ணால் அளக்க முடியாது.

சகோதரர்களே, இதுவரை சொன்னவை யாவும் செய்யக் கூடியவை, செலவு அதிகமில்லாதவை. ஆனால் அவை யாவற்றுக்கும் பொறுமை வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அந்தப் பொறுமையை நாம் யாரிடம் கேட்கிறோம்? நோயாளரின் மனைவியிடம், மகளிடம், மருமகளிடம். அவள் காலைப் பிரட்டுக்கு முன் சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, பால்வெட்டுக்கோ கொழுந்துக்கோ ஓட வேண்டியவள். நேரம் தவறினால் அன்றைய பேர் போய்விடும். மாமனார் சட்டைக்குள் கையை நுழைக்க 20 நிமிடம் காத்திருக்க அவளால் இயலுமா? அவளே இழுத்துப் போட்டுவிடுகிறாள், அவளே ஊட்டிவிடுகிறாள். அதனால் அவர் செய்யக் கூடியதும் செய்யாமற் போகிறது. நாளடைவிற் செய்ய இயலாமலே போகிறது. அவளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நேரமில்லாதவளிடம் பொறுமையைக் கேட்பது அநியாயம். பொறுமை, நேரம் உள்ளவன் கொடுக்க வேண்டிய கடன்.

நேரம் யாரிடம் உண்டு? சந்திக் கடையில் மாலைப்பொழுதைக் கழிக்கும் நம்மிடம் உண்டு. பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் நம்மிடம் உண்டு. திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்கவும், மாத்தளை முத்துமாரி அம்மனின் மாசிமகத் தேர்வடம் பிடிக்கவும் முந்திச் செல்லும் நாம், ஒரு முதியவர் ஒரு சட்டையை அணிந்து முடிக்கும்வரை அருகில் நிற்பதையும் தொண்டாகக் கருதினால் என்ன? ஆகையால் சங்கத்தார்முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, நோயாளர் உள்ள வீட்டுக்கு வாரத்திற் சில காலைகள் ஒருவர் சென்று, அவர் தாமே உடுத்தி உண்ணும்வரை அருகிருத்தல். கை கொடுப்பதற்கு முன் “உதவட்டுமா?” என்று கேட்டல், அவர் வேண்டாம் என்றால் சும்மா இருத்தல். இரண்டாவது, இஸ்தோப்பிற் கோடிடுதல், பிடிகுழாய் பொருத்துதல், பீலிப் பாதையைச் சீர்செய்தல் ஆகியவற்றை ஒரு சிரமதானத்தில் முடித்தல். மூன்றாவது, கிளினிக் நாளில் கண்டிக்குத் துணை சென்று, மருந்து நேரங்களைத் தமிழிற் பெரிய எழுத்தில் எழுதிக் காம்பராச் சுவரில் ஒட்டுதல். நான்காவது, கோயிலில் இவர்களுக்காகக் கைபிடியுள்ள சில கதிரைகள் வைத்து, கூட்டம் குறைந்த வேளையில் தரிசனத்துக்கு வழி செய்தல். ஐந்தாவது, பராமரிக்கும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு மாலையேனும் ஓய்வு கிடைக்கச் செய்தல். நோயாளர்க்கு மனச்சோர்வு வருவதுபோல அவளுக்கும் வரும். அவளை எவரும் நலம் விசாரிப்பதில்லை.

நான்காவது யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. தீர்த்தம் வாங்க நீட்டிய கை நடுங்கிச் சிந்துமே, திருநீறு கீழே விழுமே என்ற கூச்சத்தால் சந்நிதிக்கு வருவதையே நிறுத்திக்கொள்ளும் முதியோர் உண்டு. துண்டுக்குள்ளே கையை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நிற்போரும் உண்டு. ஆனால் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, 1996 ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில், உலகமே பார்த்திருக்க, நடுங்கும் கையால் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். மிஷன் பாடசாலையிற் கற்ற எம்போன்றோர் கேட்டறிந்த இன்னொன்றும் உண்டு. 1995 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து சென்ற பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல், இந்நோயுடன் வாழ்ந்து 2005 ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று சாளரத்தில் தோன்றியபோது அவரால் பேச இயலவில்லை. கையை மாத்திரம் உயர்த்தி ஆசி வழங்கினார். எவரும் அவரைத் திரையிட்டு மறைக்கவில்லை. நம் சமயத்திலோ, கயிலை செல்லப் புறப்பட்ட திருநாவுக்கரசு சுவாமிகள் கால் தேய்ந்தபோது கையால் ஊன்றியும், அதுவும் தேய்ந்தபோது மார்பால் உந்தியும், பின்னர் புரண்டும் சென்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அத்தகைய அடியாரைக் கும்பிடும் சந்நிதியில், மெதுவாக வரும் ஒருவருக்கு வெட்கம் ஏன்? விரைந்து செல்லும் நாமல்லவா வழிவிட்டு நிற்க வேண்டும்?

இந்நோய் தீரும் என்று பொய் சொல்ல நாம் வரவில்லை. அது ஆண்டுக்காண்டு கூடும். ஆயினும் தாமே பொத்தானிட்ட ஒரு காலையும், தாமே உண்ட ஒரு கவளமும், தாமே ஏறி வந்த ஒரு கோயிற்படியும் ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரியவை என்பதை, அவற்றை இழந்து நிற்பவர் அறிவார். அவற்றை இன்னும் சில ஆண்டுகள் காத்துக் கொடுப்பது நம்மால் இயலும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் கொடுக்கும்படி கேட்கிறோம்.